ஃபோனில் 90, டெஸ்க்டாப்பில் 9: வீட்டு வைஃபை எங்கே இடறுகிறது?

கேள்வி இதுதான். வேளச்சேரியில் மூன்றாம் மாடி ஃபிளாட். 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. ஹாலில் உட்கார்ந்து ஃபோனில் வேகம் பார்த்தால் 90-க்குக் குறைவதில்லை. படுக்கையறையில் உள்ள டெஸ்க்டாப்பில் 9-ஐத் தாண்டுவதில்லை. ராத்திரி ஆனால் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது. கம்ப்யூட்டரின் பெட்டி, அதாவது கேபினட், மேஜைக்கு அடியில் இருக்கிறது, அதன் பின்னால் விரல்நகம் அளவில் ஒரு யூஎஸ்பி வைஃபை டாங்கிள். இணைப்பு கொடுத்த கம்பெனியிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டு, "லைன் கிளியரா இருக்கு சார், உங்க சிஸ்டம்தான் ஸ்லோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கம்ப்யூட்டர் வாங்கி ஐந்து வருடம் ஆகிறது, மாற்றிவிடலாமா?

மாற்ற வேண்டாம். இப்போதைக்கு எதையுமே வாங்க வேண்டாம். வந்தவர் சொன்னதில் பாதி உண்மை. லைன் நன்றாகத்தான் இருக்கிறது, ஃபோனில் 90 வருவதே அதற்குச் சாட்சி. ஆனால் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுவது ஒரு கோளாறு, கம்ப்யூட்டருக்கு வைஃபை ஒழுங்காகப் போய்ச் சேராதது வேறொரு கோளாறு. வெளியிலிருந்து ரவுட்டர் வரை ஒரு பாதை, ரவுட்டரிலிருந்து உங்கள் மேஜை வரை இன்னொரு பாதை. எந்தப் பாதையில் அடைப்பு என்று தெரிந்துகொள்ளாமல் ரவுட்டரை மாற்றுவதும், திட்டத்தை 300-க்கு ஏற்றுவதும்தான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. உங்கள் விஷயத்தில் 300-க்கு ஏற்றினால் ஹாலில் இருக்கும் ஃபோன் இன்னும் வேகமாகும். டெஸ்க்டாப்பில் அதே 9 தான் இருக்கும்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். கம்பெனிகள் வேகத்தை விநாடிக்கு இத்தனை மெகாபிட், அதாவது எம்பிபிஎஸ் என்று சொல்கின்றன. டவுன்லோட் ஆகும்போது திரையில் தெரிவது பெரும்பாலும் மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒரு ஃபைல் விநாடிக்கு 11, 12 மெகாபைட் வேகத்தில் இறங்கினால் முழு வேகமும் வருகிறது என்று அர்த்தம். நீங்கள் சொல்லும் 9, வேகம் பார்க்கும் தளத்தில் வந்த எண் என்றால் பிரச்சினை உண்மையானது. டவுன்லோட் பெட்டியில் பார்த்த எண் என்றால் உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. இதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்து, நீங்கள் செய்த ஒப்பீடு சரியில்லை. ஃபோனை ஹாலில் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள், கம்ப்யூட்டரைப் படுக்கையறையில். ஃபோனை எடுத்துப்போய், கேபினட் இருக்கும் அதே இடத்தில், மேஜைக்கு அடியிலேயே வைத்து வேகம் பாருங்கள். அங்கேயும் ஃபோனில் 70, 80 வந்தால் அறைக்கு சிக்னல் வருகிறது, அதை வாங்கத் தெரியாதது டாங்கிள். ஃபோனிலும் 10, 15 என்று விழுந்தால் சுவரும் பீரோவும் ரவுட்டர் மாட்டியிருக்கும் இடமும்தான் காரணம். இரண்டு நிமிட வேலை. இதன் பதில் தெரிந்தால் கீழே நான் சொல்வதில் பாதியை நீங்கள் தாண்டிப் போய்விடலாம்.

இன்னொரு சோதனையும் உண்டு, அதுவும் இலவசம். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பிங் கட்டளையை ரவுட்டரின் முகவரிக்குக் கொடுங்கள். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அந்த முகவரி இருக்கும், 192.168.1.1 அல்லது 192.168.0.1 மாதிரி. கடைசியில் ஒரு கழித்தல் குறியும் டி எழுத்தும் சேர்த்தால் நீங்கள் நிறுத்தும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். நல்ல வைஃபையில் ரவுட்டரிலிருந்து பதில் ஒன்று, இரண்டு, மிஞ்சினால் ஐந்து மில்லிவிநாடியில் வந்துவிடும். அது 3, 4, 180, 6, 420 என்று தாவினாலோ, நடுநடுவே பதிலே வராமல் போனாலோ, அடைப்பு உங்கள் வீட்டுக்குள்தான். வெளியே யாரையும் திட்டிப் பயனில்லை. ரவுட்டர் வரை சீராக இருந்து, அதே கட்டளையை வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8 முகவரிக்குக் கொடுக்கும்போது மட்டும் தாவினால், பிரச்சினை வீட்டைத் தாண்டி எங்கோ இருக்கிறது. புகார் கொடுக்க அது ஆதாரம்.

இனி டெஸ்க்டாப். விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், இணைந்திருக்கும் வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் கீழே சில வரிகள் இருக்கும். லிங்க் ஸ்பீட், நெட்வொர்க் பேண்ட், சேனல், புரோட்டோகால். யாரும் எட்டிப் பார்க்காத பக்கம் அது. பேண்ட் என்பது வைஃபை ஓடும் அலைப்பட்டை, பெரும்பாலும் 2.4, 5 என்று இரண்டு. லிங்க் ஸ்பீட் என்பது டாங்கிளும் ரவுட்டரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வேகம். பேண்ட் 2.4 கிகாஹெர்ட்ஸ், லிங்க் ஸ்பீட் 72 அல்லது அதற்கும் கீழே என்று காட்டினால் ஆச்சரியப்படாதீர்கள், உங்கள் டாங்கிளின் ஜாதகமே அதுதான். ஒற்றை ஆன்டெனாவுள்ள பழைய 2.4 டாங்கிளுக்கு வழக்கமான 20 மெகாஹெர்ட்ஸ் சேனல் அகலத்தில் உச்சவரம்பே 72 எம்பிபிஎஸ். அட்டைப்பெட்டியில் 150 என்று போட்டிருப்பார்கள். அது அகலத்தை இரட்டிப்பாக்கி 40-இல் ஓட்டினால் வரக்கூடிய கணக்கு. இந்த லிங்க் ஸ்பீடும் கையில் கிடைக்கும் வேகம் அல்ல. வைஃபையில் பேசுவதற்கு முறை வாங்குவது, வந்து சேர்ந்ததா என்று உறுதி சொல்வது, விழுந்ததைத் திருப்பி அனுப்புவது எல்லாம் போக, பாதியோ அதற்குக் கொஞ்சம் மேலோ மிஞ்சும். ஆக, 72 என்ற டாங்கிள் நல்ல நாளில் 40 கொடுத்தால் பெரிய விஷயம். சிக்னல் மெலிந்தால் லிங்க் ஸ்பீட் தானாகவே 20-க்கும் 10-க்கும் இறங்கிவிடும். உங்கள் 9 அங்கேயிருந்து வருகிறது என்பது என் ஊகம்.

அந்த டாங்கிள் செருகியிருக்கும் இடத்தையும் பாருங்கள். கேபினட் என்பது இரும்புப் பெட்டி. அதன் முதுகில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், சுவரைப் பார்த்தபடி, பவர் கேபிள்களுக்கும் மானிட்டர் கேபிளுக்கும் நடுவில் அது குந்தியிருக்கிறது. ரவுட்டர் எதிர்ப்பக்கம் இருந்தால், இடையில் அந்த இரும்புப் பெட்டியே மறைக்கிறது. போதாக்குறைக்கு, பக்கத்து நீல நிற யூஎஸ்பி 3.0 துளையில் வெளி ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால் அதுவும் இரைச்சல் கிளப்பும். யூஎஸ்பி 3.0 ஓடும்போது எழும் மின்காந்த இரைச்சல் சரியாக 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் வந்து விழுகிறது என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. வயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கி நகர்வதற்கும் பல சமயம் இதுதான் காரணம்.

அதனால் முதல் வைத்தியம் ஒரு யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள். ஒரு மீட்டர் நீளம் போதும், தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். டாங்கிளை அதில் மாட்டி மேஜை மேலே, மானிட்டருக்குப் பக்கத்தில், கதவைப் பார்த்தபடி வையுங்கள். நம்பிக்கை வராத அளவுக்குச் சின்ன மாற்றம்தான், ஆனால் 9 என்பது 25, 30 ஆவதை இது ஒன்றே செய்துவிடக்கூடும். அதன்பிறகும் போதவில்லை என்றால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போகும்போது 5 கிகாஹெர்ட்ஸும் பிடிக்கும் டூயல் பேண்ட் அடாப்டர் ஒன்று வாங்கலாம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனா உள்ளதாகப் பாருங்கள். நகம் அளவு டாங்கிளில் எந்த வைஃபை எண் அச்சிட்டிருந்தாலும் அதற்குள் பெரிய ஆன்டெனாவுக்கு இடம் கிடையாது. கேபினட்டைத் திறக்கப் பயமில்லை என்றால் மதர்போர்டில் செருகும் பிசிஐஇ கார்டு இன்னும் நல்லது.

மதர்போர்டிலேயே வைஃபை உள்ளவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. கேபினட்டின் பின்னால் தங்க நிறத்தில் இரண்டு சின்ன திருகு முனைகள் தெரிகின்றனவா? அவற்றில் ஆன்டெனா மாட்டியிருக்க வேண்டும். அசெம்பிள் செய்து கொடுத்தவர் ஆன்டெனாவை மதர்போர்டு டப்பாவிலேயே விட்டுவிட்டு வந்திருப்பார், டப்பா பரணில் இருக்கும். ஆன்டெனா இல்லாமலும் பக்கத்தில் இருக்கும் ரவுட்டரை அது தட்டுத்தடுமாறிப் பிடித்துவிடும். அதனால்தான் பல மாதம் யாருக்கும் சந்தேகமே வராது. வைஃபை மெதுவாக இருக்கிறது என்று யாராவது கூப்பிட்டால் நான் முதலில் கேட்பதே இதைத்தான்.

சரி, ஃபோனிலும் அந்த மூலையில் வேகம் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது வீட்டின் அமைப்பைப் பார்க்க வேண்டும். நம் ஊர் ஃபிளாட்டுகளில் ஃபைபர் பெரும்பாலும் வாசல் கதவு வழியாகவோ பால்கனி வழியாகவோ உள்ளே வரும். வந்த இடத்திலேயே, அதாவது வீட்டின் ஒரு கோடியில், ஆணி அடித்து ரவுட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கேபிளை இன்னும் ஐந்து மீட்டர் உள்ளே இழுப்பது அவர்களுக்குக் கூடுதல் வேலை. கேட்டால் செய்வார்கள், கேட்க வேண்டும். செங்கல் சுவர் ஒன்றைத் தாண்டுவது பெரிய சிரமம் இல்லை. கான்கிரீட் தூண், லாஃப்ட் ஸ்லாப், தண்ணீர்த் தொட்டி, கண்ணாடி பதித்த இரும்பு பீரோ, இவைதான் சிக்னலை விழுங்குவன. ஹாலுக்கும் படுக்கையறைக்கும் இடையில் உள்ள சுவரில் பீரோ சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால், டெஸ்க்டாப்பைப் பொறுத்தவரை அந்தச் சுவர் இரும்புச் சுவர். பீரோவை நகர்த்த வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள், வாஸ்து வேறு இருக்கும். மேஜையை நகர்த்துங்கள், அல்லது ரவுட்டரை ஹாலின் நடுப்பக்கமாக, ஆள் உயரத்துக்கு மேலே கொண்டுவாருங்கள்.

ரவுட்டரை அழகுக்காக டிவி யூனிட்டுக்குள் மூடி வைப்பதும், செருப்பு அலமாரி மேல் மூலையில் திணிப்பதும் வேண்டாம். மறைப்பு ஒரு பக்கம் என்றால் சூடு இன்னொரு பக்கம். மே மாதத்தில் மூடிய அலமாரிக்குள் இருக்கும் ரவுட்டரைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும். சூடேறிய ரவுட்டர் தடுமாறும், தொங்கும், ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகும், மறுபடி தொங்கும்.

ராத்திரியில் இன்னும் மோசமாகிறது என்று சொன்னீர்களே, அதற்குக் காரணம் அநேகமாக அக்கம்பக்கம். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் சேனல்கள் 1 முதல் 13 வரை எண்ணிக்கை இருந்தாலும், ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் இருப்பவை 1, 6, 11 என்ற மூன்றுதான். உங்கள் அடுக்குமாடியில் வைஃபை பட்டியலைத் திறந்தால் இருபது, முப்பது பெயர் வரும். அத்தனையும் இந்த மூன்றுக்குள் நெருக்குகின்றன. ஒரே சேனலில் இருப்பவர்கள் ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும் என்பது வைஃபையின் விதி. எல்லோரும் வேலை முடிந்து வீடு வந்து, டிவியில் மேட்ச்சோ படமோ போட்டபின் காத்திருப்பு கூடுகிறது. பகலில் ஆபீஸ் போய்விடும் வீடுகள் நிறைந்த கட்டடத்தில் காலை பதினொரு மணிக்கு வேகம் பார்த்தால் இந்தத் தொல்லையே தெரியாது. ரிப்பேருக்கு ஆள் வருவதும் அந்த நேரத்தில்தான்.

பிரவுசரில் அந்த 192.168 முகவரியைத் தட்டி ரவுட்டரின் செட்டிங்ஸுக்குள் போய் 2.4-இன் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துவிடுங்கள். 40 என்றால் வேகம் இரட்டிப்பு என்று காகிதத்தில் தோன்றும். நெரிசலான கட்டடத்தில் அது இரண்டு மடங்கு பேரோடு முட்டிக்கொள்வதில்தான் முடியும். சேனலை 1, 6, 11-இல் எதில் பெயர்கள் குறைவோ அதற்கு மாற்றுங்கள். புத்திசாலித்தனம் என்று நினைத்து 3-க்கோ 8-க்கோ போகாதீர்கள், இரண்டு பக்கத்துக் கூட்டத்தின் இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்வீர்கள். மைக்ரோவேவ் அடுப்பும் ப்ளூடூத்தும் இதே பட்டையில்தான் இருக்கின்றன. பால் சுடவைக்கும் ஒன்றரை நிமிடம் நெட் திக்கினால் வேறு காரணம் தேட வேண்டாம்.

உண்மையான விடுதலை 5 கிகாஹெர்ட்ஸ்தான். அங்கே இடம் தாராளம். 2018 அக்டோபரில் மத்திய அரசு இந்தப் பட்டையில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. 2.4-இல் இருப்பதே 80 சொச்சம் என்பதை வைத்து வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 5-இன் அலைநீளம் சிறியது, சுவர்களில் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பது குறை. ஆனால் அடுக்குமாடியில் அதுவே நல்லதும் கூட, பக்கத்து வீட்டுக்காரரின் 5-உம் உங்கள் சுவரைத் தாண்டி அவ்வளவாகத் தொல்லை கொடுக்காது.

இங்கே ஒரு சிக்கல். நிறைய ரவுட்டர்களில் இரண்டு பட்டைக்கும் ஒரே பெயர் வைத்திருப்பார்கள். டெஸ்க்டாப் எதைப் பிடிப்பது என்று தானே முடிவு செய்யும், தூரத்தில் வலுவாகத் தெரியும் 2.4-ஐப் பிடித்துக்கொண்டு விடாது. ரவுட்டரில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, டெஸ்க்டாப்பின் அடாப்டர் 5-ஐப் பிடிக்குமானால் அதை 5-இல் மட்டும் சேர்த்துவிட்டு, விண்டோஸில் 2.4-இன் பெயரை மறக்கச் சொல்லிவிடுங்கள். உங்கள் ரவுட்டரில் 5 இருக்கிறதா என்பதையும் பாருங்கள், பழைய இணைப்புகளோடு கொடுத்த பெட்டிகளில் 2.4 மட்டும் உள்ளவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஃபோனில் 90 வருவதால் உங்களுடையதில் அநேகமாக இருக்கும். சேனல் 36 முதல் 48 வரைக்குள் அல்லது 149-க்கு மேல் வைத்தால் நிம்மதி. நடுவில் உள்ளவை ரேடார்களோடு பங்கிட்டுக்கொள்ளும் சேனல்கள். ரேடார் என்று சந்தேகம் வந்தால் ரவுட்டர் அந்த இடத்தைக் காலி செய்துவிட்டு வேறிடம் ஓடும், உங்கள் வீடியோ கால் அந்த நொடியில் அறுந்துவிடும்.

வீட்டில் உள்ள பழைய கருவி ஒன்று எல்லோரையும் இழுத்துப் பிடிப்பதும் உண்டு. பந்தியில் ஒருவர் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அடுத்த பந்திக்கு இலை போட முடியாதே, அந்த மாதிரி. பத்து வருடப் பழைய டேப்லெட்டோ மாடிப்படியில் மாட்டிய மலிவுக் கேமராவோ மெலிந்த சிக்னலில் மெதுவாகப் பேசும்போது, அது பேசி முடிக்கும் வரை மற்ற எல்லாம் காத்திருக்கும். அவற்றை 2.4-இலேயே விட்டுவிட்டு முக்கியமான கருவிகளை 5-க்கு மாற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். ரவுட்டரின் பாதுகாப்பு அமைப்பில் டிகேஐபி என்ற பழைய பூட்டுமுறை இருந்தால் ஏஇஎஸ் என்ற புதியதற்கு மாற்றுங்கள். டிகேஐபி-யில் இருக்கும்வரை வைஃபை 54 எம்பிபிஎஸ் என்ற பழைய காலத்து வரம்பைத் தாண்டாது.

இதெல்லாம் சரியாக இருந்தும் இழுத்தால், அப்போதுதான் கம்ப்யூட்டருக்குள் பார்க்க வேண்டும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து நெட்வொர்க் நெடுவரிசையின் தலையைச் சொடுக்கினால் யார் அதிகம் இழுக்கிறார்கள் என்று வரிசையாகத் தெரியும். விண்டோஸ் அப்டேட், கேம் லாஞ்சர், ஃபோட்டோக்களை மேகத்துக்கு (கிளவுட்) ஏற்றும் மென்பொருள், இவைதான் வழக்கமான ஆசாமிகள். அப்டேட்டுகளை மற்றக் கம்ப்யூட்டர்களுக்குப் பகிரும் டெலிவரி ஆப்டிமைசேஷனை நிறுத்திவிடுங்கள். டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற டிக்கையும் எடுத்துவிடுங்கள். டெஸ்க்டாப்பில் அந்த மிச்சத்தால் ஒரு பைசா லாபம் இல்லை. டிரைவரை மதர்போர்டு அல்லது அடாப்டர் தயாரித்தவர்களின் தளத்திலிருந்தே எடுங்கள். டிரைவர் அப்டேட் செய்து தருகிறேன் என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் பக்கம் போக வேண்டாம்.

அதே டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று சிவந்து நிற்கிறதா? அப்படியானால் வந்தவர் சொன்னது உண்மையாகிவிடும். ஐந்து வருடக் கம்ப்யூட்டரில் சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால், பிரவுசர் திறக்கவே அரை நிமிடம் ஆகும், நாம் நெட்டைத் திட்டுவோம். அதற்கும் கம்ப்யூட்டரை மாற்ற வேண்டாம். சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்று போட்டால் வண்டி இன்னும் பல வருடம் ஓடும்.

அப்லோடையும் மறக்காதீர்கள். வீட்டில் யாராவது கல்யாண வீடியோவை ஏற்றிக்கொண்டிருந்தாலோ, சிசிடிவி கேமரா இரவு பகலாக மேகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தாலோ, அனுப்பும் பாதை நிரம்பி வழியும். டவுன்லோட் செய்வதற்கும் "கிடைத்தது, அடுத்ததை அனுப்பு" என்று மேல்நோக்கிப் பதில் போக வேண்டும். அது வரிசையில் மாட்டிக்கொண்டால் பக்கங்கள் திறக்கவே தாமதமாகும். ரவுட்டரில் வேகத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் க்யூஓஎஸ் என்ற வசதி இருந்தால் அப்லோடை மொத்தத்தில் 90 சதவீதத்துக்குக் கட்டிவைக்கலாம்.

டிஎன்எஸ்-ஐ மாற்றினால் நெட் பறக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருவது பெரும்பாலும் வீண். தளத்தின் முகவரியைத் தேடும் முதல் நொடி வேண்டுமானால் குறையும், டவுன்லோட் வேகம் கூடாது. ஸ்பீட் பூஸ்டர் மென்பொருள்களைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. ரிப்பீட்டர் என்று பிளக்கில் செருகும் பெட்டி சிக்னல் கோடுகளை நிறையக் காட்டும். வாங்குவதையும் கொடுப்பதையும் ஒரே பட்டையில் செய்வதால் வேகம் பாதியாகும். சிக்னல் எட்டாத மொட்டைமாடி அறைக்குச் சரி, உங்களுக்கு வேண்டாம்.

ஒருவேளை ரவுட்டருக்குப் பக்கத்திலேயே ஃபோனிலும் வேகம் இல்லை என்ற நிலை வந்தால், கதை வேறு. மாத டேட்டா வரம்பு தாண்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அன்லிமிடெட் என்று விற்கும் பல திட்டங்களில் 3300 ஜிபி மாதிரி ஒரு வரம்பு இருக்கும், அதற்குப்பின் வேகத்தைக் கிள்ளிவிடுவார்கள். அடுத்து ஃபைபர். ரவுட்டருக்கு வரும் மெல்லிய கேபிள் கதவிடுக்கில் நசுங்கினாலோ சுருட்டி ஆணியில் மடித்துத் தொங்கவிட்டிருந்தாலோ உள்ளே ஒளி கசிந்துவிடும். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில், வந்து சேரும் ஒளியின் அளவாக ஆப்டிகல் பவர் என்று ஒரு எண் காட்டும். மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நல்லது, மைனஸ் 27-ஐத் தொட்டால் விளிம்பில் நிற்கிறது. நம் ஊரில் ஃபைபர் மரத்திலிருந்து கம்பத்துக்கும் கம்பத்திலிருந்து மொட்டைமாடிக்கும் தாவி வருகிறது. மழைநீர் வடிகாலுக்கும் மெட்ரோவுக்கும் தோண்டும்போது மண்ணுக்குள் புதைத்த கேபிளும் அறுபடுகிறது. ஒட்டுப் போட்ட ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் ஒளி குறையும். புகார் செய்யும்போது இந்த எண்ணையும் ராத்திரி எடுத்த பிங் முடிவையும் சொல்லி, புகாரின் பதிவு எண்ணை (டாக்கெட் எண்) கேட்டு வாங்குங்கள். தீராவிட்டால் அந்தப் பதிவு எண்ணை வைத்து அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளில் அதற்கு இடம் இருக்கிறது.

இவ்வளவும் சொன்னபின் என் சொந்த அபிப்பிராயம்: டெஸ்க்டாப்புக்கு வைஃபையே வேண்டாம். நடமாடும் கருவிக்காக வந்த ஏற்பாடு அது. உங்கள் கம்ப்யூட்டர் ஐந்து வருடமாக அந்த மேஜைக்கு அடியை விட்டு நகரவில்லை. ஒரு கேபிள் இழுத்துவிட்டால் பீரோவும் பக்கத்து வீடும் மைக்ரோவேவும் ஒரே நாளில் ஒழிந்தன. உங்கள் ஹாலிலிருந்து அந்த அறைக்கு 15, 20 மீட்டர் இருந்தால் அதிகம். கேட் 6 கேபிளில் 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் தாராளமாகப் போகும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் அளவு சொன்னால் வெட்டி, இரண்டு முனையிலும் பிளக்கை அழுத்திப் பொருத்தி, அதாவது கிரிம்ப் செய்து, டெஸ்டரில் போட்டுக் காட்டித் தருவார்கள். சுத்தச் செம்புக் கம்பிதானா என்று கேட்டு வாங்குங்கள், அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு கொடுத்த மலிவுச் சரக்கும் அதே நீலத் தோலோடு விற்கிறது. சுவரோரமாக பிவிசி கேசிங் அடித்துக் கொண்டுபோகலாம். டிவி கேபிள் போகும் கன்சீல்டு பைப்பில் இடம் இருந்தால் எலக்ட்ரீஷியன் ஸ்பிரிங் விட்டு இழுத்துத் தருவார். கரண்ட் ஒயர் போகும் பைப்பில் மட்டும் சேர்த்துப் போட விடாதீர்கள். வாடகை வீடு, ஆணி அடிக்கக் கூடாது என்றால் கதவுக்கு அடியில் நுழையும் தட்டைக் கேபிள் இருக்கிறது.

மின்சார ஒயர் வழியாகவே நெட் அனுப்பும் பவர்லைன் அடாப்டரை யாராவது சிபாரிசு செய்வார்கள். த்ரீ ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் ஹால் ஒரு ஃபேஸிலும் படுக்கையறை வேறொன்றிலும் இருந்தால் அது தள்ளாடும், நடுவில் இன்வெர்ட்டர் வேறு. திருப்பிக் கொடுக்க முடியும் என்றால் மட்டும் வாங்கிப் பாருங்கள்.

கேபிள் போட்டபின் அதே செட்டிங்ஸ் பக்கத்தில் ஈதர்நெட் லிங்க் ஸ்பீட் 1000 என்று காட்ட வேண்டும். 100 என்று காட்டினால் எட்டுக் கம்பியில் ஏதோ ஒன்று சரியாகக் கிரிம்ப் ஆகவில்லை, அல்லது ரவுட்டரில் தவறான துளையில் செருகியிருக்கிறீர்கள். சில பெட்டிகளில் நான்கு துளையில் ஒன்றுதான் கிகாபிட், மற்ற மூன்றும் 100. இப்போதைய உங்கள் திட்டத்துக்கு 100-உம் போதும், ஆனால் பின்னால் திட்டத்தை ஏற்றும்போது இடிக்கும், கிரிம்ப் செய்தவரிடம் இப்போதே சொல்லிச் சரிசெய்துவிடுங்கள். பழைய டாங்கிளைத் தூக்கிப்போட வேண்டாம். லாஃப்டில் எலி இருக்கும் வீடென்றால், கேபிள் கடிபடும் அன்று டாங்கிளுக்கு மறுபடி வேலை வரும்.